நாலாவது சுரம்

காலையில் மாட்டிய புதுக் கம்பிகள் சாயங்காலத்துக்குள் கறுத்திருந்தன. முழுவதும் இல்லை. மேண்டலினின் கழுத்தில் குறுக்கே பதித்த முதல் சில மெட்டுகளுக்கு நடுவே மட்டும், வியர்த்த விரல் திரும்பத் திரும்ப அழுத்தினால் கறுக்குமே, அப்படி.

அந்த வீட்டில் அதை வாசிக்க யாருக்கும் தெரியாது. கற்றுக்கொள்ள இருந்தவள் மழைக்காலத்துக்கு முன்பே போய்விட்டாள்.

பழைய சாமான் கடையில், அடிக்குடம் பிளந்து கிடந்த அந்த மேண்டலினைக் கண்டுபிடித்தது குட்டிதான். "அம்மா, இதுக்கும் அப்பா மாதிரி தொப்பைம்மா," என்றாள். கடைக்காரர் சிரித்துவிட்டார்.

வாங்கிய கையோடு அம்மா சொன்னாள். "முதல்ல சரி பண்ணிடுறேன். அப்புறம்தான் தொடணும்."

பசை காய்வதற்குள் குட்டிக்குக் காய்ச்சல் வந்தது.

அதன் பிறகு அம்மாவுக்கு அந்த வேலைதான் மிச்சம். பிளவில் பசையும் மரத்தூளும் குழைத்து அடைத்தாள், உப்புத்தாளால் தேய்த்தாள், கம்பிகளைத் தாங்கும் குதிரையைப் புதிதாகச் செதுக்கினாள், ஜோடி ஜோடியாகக் கம்பி பூட்டினாள். இப்போது அந்தக் கறுப்பை முகர்ந்து பார்த்தாள். இரும்பு வாசனைக்கு அடியில், குட்டியின் விரல்களில் எப்போதும் இருக்கும் பால் பிஸ்கட் வாசனை.

அன்றிலிருந்து அந்த அறைக் கதவை ஒருக்களித்தே வைத்தாள். பொழுது சாய்ந்ததும், குழாய் சொட்டுகிற சத்தத்துக்கும் ஜன்னல் கொக்கி ஆடுகிற சத்தத்துக்கும் நடுவே நாலு சுரம் கேட்கும், நாலாவது அழுந்தாமல் கட்டையாக விழும், சற்று நிற்கும், மறுபடி முதலிலிருந்து.

கணவனுக்கும் கேட்டது. தட்டை நகர்த்தி வைத்தான்.

"கழட்டிப் போட்டுடு."

"இப்பத்தான் பழகுறா. கொஞ்சம் பொறுங்க."

"யாரு பழகுறா?" அவன் குரல் உடைந்தது. "கடைசியா நீதானே குளிப்பாட்டின."

மறுநாள் கம்பியில் கறுப்பு இல்லை. சிவப்பு. மெட்டின் ஓரத்தில் வெங்காயச் சருகு போல ஏதோ ஒட்டியிருந்தது. தொட்டாள். தோல்.

அப்போதுதான் உறைத்தது. குதிரையை உயரமாகச் செதுக்கிவிட்டாள். கம்பி பலகையை விட்டு எழும்பி நிற்கிறது. வளர்ந்தவர்கள் விரலே நோகும். இது பிஞ்சு விரல்.

தேய்த்துத் தணிக்கலாம். வலி குறையும். ஆனால் கம்பி கம்பிதான். குட்டி தினமும் வருவாள், தினமும் அறுபடுவாள். வெட்டினால் வலி நிற்கும். வருவதும் நின்றுவிடும்.

வெகுநேரம் குறடைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"போதும்டா கண்ணு," என்றாள். எல்லாக் கம்பியையும் வெட்டினாள்.

அன்று மாலை சுரம் கேட்கவில்லை. கணவன் நெடுநாளைக்குப் பிறகு அசந்து தூங்கினான். அவள் விளக்கை அணைக்காமல், மடியில் கையை மல்லாத்திப் போட்டுக்கொண்டு கட்டிலில் இருந்தாள். வீடு முழுக்க மரத்தூள் வாசனை.

பிறகு பிஸ்கட் வாசனை.

மணிக்கட்டுக்கு மேலே சில்லென்றது. தோல் குழிந்தது. ஜோடி நரம்பின் மேல். அங்கே விரல் எதுவும் தெரியவில்லை. குழி மட்டும்.

அடுத்த குழி. அடுத்தது.

நாலாவது எட்டவில்லை. நின்றது.

மறுபடி முதலிலிருந்து. இன்னும் அழுத்தமாக. தோல் கிழிந்துபோயிற்று.

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. குழந்தைக்கு எட்டும்படி இன்னும் கொஞ்சம் தணித்துக் கொடுத்தாள்.

இந்த முறை நாலாவதும் அழுந்தியது. எலும்பு வரை.