சோற்றோடு போன நெய்

"புளியை ஊற வைச்சிரு. வந்து குழம்பு வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் அம்மா அன்று வேலைக்குப் போனாள். நான் புளியைக் கிண்ணத்தில் போட்டுத் தண்ணீர் ஊற்றி வைத்தேன்.

அன்று மாலை கம்பெனியிலிருந்து திரும்பும் வழியில் நடந்த விபத்தில் அம்மா இறந்துபோனாள். வீடு முழுக்க ஆட்கள் வந்து போனார்கள். அந்தப் புளி அப்படியே ஊறிக்கொண்டிருந்தது.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. ஓசூர் சிப்காட்டுக்குப் பின்னால் இருந்த வரிசை வீடுகளில் ஒன்று எங்களுடையது. அப்பாவின் பெயர் மாடசாமி. அவருக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். இங்கே ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஓட்டினார்.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. இறந்தவரை நினைத்து, காரியத்தன்று ஆற்றங்கரையில் ஏதாவது ஓர் உணவை ஒரு வருடத்துக்கு விட்டுவிட வேண்டும். எல்லோரும் கொஞ்சம் சாமர்த்தியமாகத்தான் விடுவார்கள். பிரதாப் சித்தப்பா, தாத்தா இறந்தபோது பாகற்காயை விட்டார். அதற்கு முன்பும் அவர் பாகற்காயைத் தொட்டதே இல்லை.

தென்பெண்ணை ஆற்றங்கரையில் அப்பாவின் முறை வந்தது. எதிரே வாழையிலையில் நவதானியம் வைத்திருந்தார்கள். அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதை விடுதீங்கண்ணே?" என்று சித்தப்பா கேட்டார்.

"இந்த இலையில இருக்குறது எல்லாத்தையும்."

"எல்லாத்தையுமா! நெல்லு இருக்கு, கோதுமை இருக்கு, துவரை இருக்கு…"

"தானியமே வேண்டாம். பருப்பும் பயறும் வேண்டாம்."

சித்தப்பா இலையை இன்னொரு தடவை பார்த்தார். "எள்ளும் இருக்கு. நல்லெண்ணெயும் போயிருமே?"

"போவட்டும்" என்றார் அப்பா.



அன்றிலிருந்து அப்பா எனக்குச் சோறும் பருப்பும் சமைப்பார். தனக்கு வெள்ளரிக்காயை நறுக்கிக்கொள்வார். ஒரு டம்ளர் மோர் குடிப்பார். அவ்வளவுதான்.

"நெய்யாவது ஊத்திக்கோங்கப்பா" என்றேன் ஒருநாள்.

"எது மேல ஊத்த? வெள்ளரிக்கா மேலயா?" என்று சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. மூச்சு வாங்கியது. பெல்ட்டில் ஆணியால் புதிதாக ஒரு ஓட்டை போட்டிருந்தார்.

ஒரு மாலை, பக்கத்து வீட்டு மஹீன் மூச்சிரைக்க ஓடிவந்தாள். அவள் என் வகுப்புத்தான்.

"ஸ்வாதி! உங்கப்பா பஸ்ஸ விட்டு இறங்கினாரு, அப்படியே சாஞ்சுட்டாரு. வாடி!"

நான் செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். அப்பா கம்பெனி பஸ்ஸின் படிக்குக் கீழே மண்ணில் உட்கார்ந்திருந்தார். யாரோ தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒண்ணுமில்ல பிள்ளே. லேசா கிறுகிறுன்னு வந்துட்டு" என்றார்.

எனக்கு இருந்தது அவர் ஒருவர்தான்.

மருத்துவர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். "நோய் எதுவும் இல்லை. சாப்பாடுதான் போதவில்லை. இப்படியே மெஷின் முன்னால் நிற்காதீர்கள்" என்று ஒரு வாரம் விடுப்பு எழுதிக் கொடுத்தார். சித்தப்பா போனிலேயே கத்தினார். "அண்ணி திரும்பியா வரப்போறாங்க? சோத்தைத் தின்னுங்கண்ணே!"

அப்பா போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அம்மாவுக்காக அப்பா செய்துகொண்டிருந்தது அது ஒன்றுதான். அதை உடைக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அவர் இன்னொரு முறை விழவும் கூடாது.

"ராகி களி கிண்டிக் குடு" என்றாள் மஹீன்.

கேட்டுப் பார்த்தேன். "கேப்பையும் தானியந்தாம்ட்டி" என்றுவிட்டார் அப்பா.

மறுநாள் சர்க்கரைவள்ளிக் கிழங்கு அவித்துக் கொடுத்தேன். அப்பா ஆசையாகத்தான் சாப்பிட்டார். கொஞ்ச நேரத்தில் கொட்டாவி விட்டார். அதற்கும் கொஞ்ச நேரத்தில், "வயிறு மறுபடியும் காலியாட்டு இருக்கு" என்றார்.

மஹீனின் அம்மா ஷரீஃபுன்னிசா ஆன்ட்டி முட்டை கொடுத்தனுப்பினார். அதற்கடுத்த நாட்களில் காலையும் முட்டை, மதியமும் முட்டை.

"வயிறு கல்லு மாதிரி இருக்கு. ஆனா எழுந்திரிச்சு நடக்கத் தெம்பு இல்ல" என்றார் அப்பா.

"இன்னும் நாலு நாள் போனா உங்கப்பா கொக்கரிக்க ஆரம்பிச்சிடுவாரு" என்றாள் மஹீன். அப்பாவே சிரித்துவிட்டார்.

அன்று மதியம் நான் என் தட்டோடு உட்கார்ந்தேன். சோறு. அதன் மேல் பருப்பு. பருப்பின் மேல் நெய். பக்கத்தில் கீரை. பிசையப் போன கை அப்படியே நின்றது.

பிரியதர்ஷினி டீச்சர் வகுப்பில் நடத்தியது என் தட்டிலேயே இருந்தது. சோறு மாவுச்சத்து. பருப்பு புரதம். நெய் கொழுப்பு. அப்பா தானியத்தையும் பருப்பையும் எள்ளையும் மட்டும்தான் விட்டார். நெய்யை அவர் விடவே இல்லை. ஊற்றிக்கொள்ளச் சோறு இல்லாததால் அது தானாகப் போய்விட்டது! சோற்றோடு பிசைந்து சாப்பிடும் கீரையும் அப்படியேதான் போயிருந்தது.

நான் கிழங்கு கொடுத்த அன்று மாவுச்சத்து மட்டும் இருந்தது. முட்டை கொடுத்த நாட்களில் மாவுச்சத்தே இல்லை. போனதெல்லாம் ஒன்றாகப் போயிருந்தது. நான் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து கொண்டிருந்தேன்.

தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து மஹீன் வீட்டுக்கு ஓடினேன்.

"ஆன்ட்டி, சோறு மாதிரி பிசைஞ்சு சாப்பிடணும். ஆனா சோறா இருக்கக் கூடாது. என்ன செய்யலாம்?"

"இது என்னடி விடுகதை?" என்றாள் மஹீன்.

ஆன்ட்டி யோசிக்கும் முன்பே, அவர்கள் வீட்டு மூலையில் கிடந்த மரவள்ளிக் கிழங்கு என் கண்ணில் பட்டது.

ஆன்ட்டி அடுப்பைப் பார்த்துக்கொண்டார். நானும் மஹீனும் கிழங்கைத் தோல் உரித்தோம். அது நன்றாக வெந்ததும், தண்ணீரை வடித்துவிட்டுச் சோறு போல உதிர உதிர மசித்தோம். வறுத்த நிலக்கடலையை அரைத்துக் கெட்டியாக ஒரு குழம்பு. தாளிக்கக் கடலை எண்ணெய். அவித்த முட்டை ஒன்று. தேங்காய்ப்பூ தூவிய முருங்கைக்கீரை.

அப்பா முன்னால் தட்டை வைத்தேன். கிழங்கின் நடுவில் குழி பறித்துக் குழம்பை ஊற்றினேன். மேலே நெய் விட்டேன்.

அப்பா தட்டை உற்றுப் பார்த்தார். "ஏட்டி, இது சோறு இல்லைல்லா?"

"கிழங்குப்பா."

"குழம்புல பருப்பு?"

"இல்ல. கடலை."

"கடலை அந்த இலையில இருந்துச்சே!"

"அது கொண்டைக்கடலை. இது மண்ணுக்குள்ள காய்க்கிற நிலக்கடலை. இலையில இல்லவே இல்ல."

"நல்லாப் பாத்தியா?"

"உங்க பக்கத்துலதானப்பா உக்காந்திருந்தேன்."

அப்பா கையை வைத்தார். குழம்பையும் நெய்யையும் சேர்த்து மெதுவாகப் பிசைந்தார். அம்மா போன பிறகு அவர் எதையும் பிசைந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. ஒரு வாய் சாப்பிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"காரமாப்பா?"

"இல்ல பிள்ளே. இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்து."

விடுப்பு முடிந்து அப்பா வேலைக்குப் போன நாள் முழுக்க எனக்குப் பாடம் ஏறவில்லை. சாயங்காலம் மஹீனோடு பஸ் நிற்கும் இடத்துக்கு முன்கூட்டியே போய் நின்றேன். பஸ் வந்தது. ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைசியாக அப்பா இறங்கினார். கம்பியைப் பிடிக்கவில்லை. நேராக நடந்து வந்து டிபன் டப்பாவை என் கையில் கொடுத்தார். அது காலியாக இருந்தது.

"நாளைக்கும் அதே குழம்பு வைப்பியாட்டி?" என்று கேட்டார்.

வேகமாகத் தலையை ஆட்டினேன்.

"மெஷின்ல நிக்கையில கிறுகிறுப்பே வரல. தெம்பாத்தான் இருந்துச்சு" என்றார்.

"அப்பாடா!" என்று சத்தமாகச் சொன்னாள் மஹீன்.

அந்த ஒரு வருடமும் கிழங்கு மாறியது, குழம்பு மாறியது. சில நாள் பூசணி, சில நாள் அணையில் பிடித்த மீன். வருடம் முடிந்ததும் அப்பா சோற்றுக்குத் திரும்பினார். பெல்ட்டும் பழைய ஓட்டைக்கே திரும்பியது.

சாப்பிட்டு முடித்ததும் அப்பா தட்டிலேயே கை கழுவுவார். அம்மா எவ்வளவோ திட்டிப் பார்த்தாள். இப்போது நானும் திட்டுகிறேன். இன்று மதியமும் தட்டிலேயேதான் கழுவினார்.