கோழி எச்சத்துக்கு ஐஸ்

"கிருமிகூடப் பாடம் படிக்குமாக்கா?" என்று விஜி கேட்டாள்.

காட்டுப்பாக்கத்தில், அவள் வீட்டுப் பின்பக்கம். கூண்டில் மிளகா என்ற அவளுடைய செவலைக் கோழி இறக்கையைத் தொங்கப்போட்டு நின்றது. இரண்டு நாளாகக் கழிச்சல்.

தாட்சாயிணி அக்கா சிரித்துவிட்டார். அவர் கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறவர். வீடு வீடாகக் கோழி எச்சம் சேகரிக்க வந்திருந்தார்.

"படிக்காது. ஆனா அரைகுறையா மருந்து குடுத்தா, சாகாம தப்பிச்ச கிருமி பெருகிடும். அப்புறம் அந்த மருந்துக்கு அடங்காது. முட்டை வழியா நம்ம வயித்துக்கும் வரும்."

இதைச் சொன்னது விஜியின் அப்பா ஆனந்தனுக்காக. தன் காய்ச்சலுக்கு வாங்கி மிச்சம் வைத்த மாத்திரையோடு அவர் நின்றிருந்தார்.

"போன தபா இத்த ஒடச்சுத் தண்ணில கலந்தேன். சரியாப் பூட்ச்சே?"

"சரியாப் போச்சுன்னா மறுபடி ஏம்பா வந்துச்சு?" என்றாள் விஜி.

அப்பா மாத்திரையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"எந்த மருந்துக்கு அடங்கும்னு சோதிச்சுச் சொல்றேன்" என்ற அக்கா, எச்சத்தைச் சின்னக் குழாயில் அடைத்துப் பெட்டியைத் திறந்தார். முகம் வாடியது. வெயிலில் ஐஸ் முழுவதும் உருகியிருந்தது. குளிர்ச்சி இல்லாவிட்டால் சோதனை தப்பாகிவிடும். காலையிலிருந்து கரண்ட் இல்லாததால் வீட்டு ஃப்ரிட்ஜிலும் ஐஸ் இல்லை.

விஜி தெருமுனைக்கு ஓடினாள். அங்கே நாகப்பன் மீன் விற்றுக்கொண்டிருந்தார்.

"மாமா, கொஞ்சம் ஐஸ் வேணும்."

"இன்னாத்துக்கு? சர்பத் போடவா?"

"கோழி எச்சத்துக்கு."

நாகப்பன் கத்தியைக் கீழே வைத்தார். "என் மீனுக்கே பத்தல. எச்சத்துக்கு ஐஸ் கேக்குதா?"

"எச்சம் கெட்டுப்போனா என்ன மருந்துன்னு தெரியாது மாமா. மிளகா செத்துடும்."

அவர் மீனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பாதி ஐஸை அள்ளிப் பையில் போட்டார். "ஓடு, உருகிடப் போவுது."

அக்கா பெட்டியை நிரப்பிக்கொண்டு கிளம்பினார்.

சாயங்காலம் விஜி கடைக்குப் போனபோது, நாகப்பன் மிச்ச மீனைப் பாதி விலைக்குக் கூவிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்து, "கோழி எப்டி கீது?" என்று மட்டும் கேட்டார்.

விஜி உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை மிளகாவுக்குச் சொட்டுச் சொட்டாகப் புகட்டினாள். ஒவ்வொரு தடவையும் சோப்பு போட்டுக் கை கழுவினாள். சாமி படத்துக்கு முன்னால் கோழிக்காகவும் கொஞ்சம் கும்பிட்டுக்கொண்டாள்.

சில நாள் கழித்து அக்கா போன் செய்தார்.

"அப்பா வெச்சிருந்த மாத்திரைக்கு இது அடங்கவே இல்ல விஜி. வேற மருந்துக்கு அடங்குது. கால்நடை டாக்டர்கிட்ட எழுதி வாங்கி, சொன்ன நாள்வரைக்கும் முழுசாக் குடுங்க. டாக்டர் சொல்றவரைக்கும் முட்டை சாப்பிட வேணாம்."

மருந்து முடிவதற்குள் மிளகா எழுந்து, அப்பாவின் காலைக் கொத்தத் துரத்தியது.

"மாத்திர விஷயத்த இன்னும் மறக்கல போல கீது" என்றார் அப்பா.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. நாகப்பன் மீன் எடுக்க மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். தெருமுனையில் அவருடைய காலிப் பெட்டி மட்டும், மூடிமேல் செங்கல் வைத்தபடி கிடந்தது.

விஜி துணிப்பையிலிருந்து ஐஸ் பாளங்களை எடுத்தாள். இரவெல்லாம் டிபன் டப்பாக்களில் உறையவைத்தவை. பெட்டிக்குள் அடுக்கி, மூடியைச் சாத்தி, செங்கல்லை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

கோயில் மணி கேட்டது. ஈரக் கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டு, மிளகாவுக்குத் தண்ணீர் மாற்ற வீட்டுக்கு நடந்தாள்.