பாதிக் குங்குமப் பொட்டு

ஒண்டிக்கடை என்னும் மலையூரில் இருக்கும் சுமையாவின் ஜெராக்ஸ் கடைக்கு ராசாத்தி ஓர் அறிவிப்புத் தாளோடு வந்தாள். மூலையில் ஓய்வுபெற்ற சர்வேயர் ஜாபெஸ் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். ஊரில் களவு போனால் போலீசுக்கு முன்னால் அவரிடம்தான் வருவார்கள்.

“ஏனுங்க சார், போன மாசம் வெள்ளக்கடைக்கு மேல மண்ணு சரிஞ்சதுல எம் பொண்ணு போயிட்டாளுங்க. ‘மண் சரிய வாய்ப்புக் குறைவு’ன்னு இந்தத் தாளைக் குடுத்தவங்கதான், இப்ப மிச்சமிருக்கிற பதினோரு ஊட்டையும் காலி பண்ணச் சொல்றாங்க. பொய் சொன்னவங்க பேச்சைக் கேக்கறதான்னு ஒருத்தரும் நகர மாட்டேங்கறாங்க. அது பொய்தானான்னு எனக்குத் தெரியோணுங்க.”

“மண்ணைச் சோதிச்ச கீர்த்திகா மேடம்தான் சார் பொய் சொன்னது. இதுல என்ன சந்தேகம்?” என்றாள் சுமையா. துப்புத் துலக்குவதில் அவளுக்கு அவசரம் அதிகம்.

ஜாபெஸ் புதுத் தாள் ஒன்றை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். அறிவிப்பு நான்கு விரற்கடை குட்டையாக இருந்தது. கீழ் ஓரத்தில் ஒரு குங்குமப் பொட்டு, பாதிதான் இருந்தது.

மறுநாள் வெள்ளக்கடை அம்மன் கோயில் வாசலில் ஊரைக் கூட்டினார். கீர்த்திகா தன்னிடமிருந்த முழுப் பிரதியின் கடைசி வரிகளைப் படித்தாள்: “உறுதியாகச் சொல்ல முடியாது. இரண்டு நாள் விடாமல் மழை பெய்தால் வெளியேறிவிடவும்.”

“ஆபீஸ் தாள்ல குங்குமம் ஏதுங்க?” என்றார் ஜாபெஸ். “அம்மன் முன்னால வெச்சுப் பூக் கேட்டிருக்கீங்க. பொட்டும் சேர்ந்து வெட்டுப்பட்டிருக்கு. அப்படீன்னா பூக் கேட்ட பிறகுதான் வெட்டியிருக்கு. கோயில் சாவியும் அறிவிப்பு ஒட்டுற வேலையும் ஒருத்தர் கிட்டத்தான்.”

ஊர்த்தலைவர் ஆறுமுகம் மறுக்கவில்லை. “படிச்சவங்களே தெரியாதுன்னு எழுதினா சனம் பதறுமுங்க. வெள்ளைப் பூ வந்துச்சு. ஒண்ணும் ஆகாதுன்னு அம்மனே சொன்னப்புறம் அந்த வரி எதுக்குன்னு வெட்டிட்டனுங்க.”

வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி அம்மன் முன் போட்டு, ஒரு குழந்தையை ஒன்றை எடுக்கச் சொல்வது வழக்கம்; வெள்ளை வந்தால் நல்ல வாக்கு.

“அன்னைக்கு எடுத்தது எம் பொண்ணுங்க,” என்றாள் ராசாத்தி. யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

சுமையா கீர்த்திகாவிடம் மன்னிப்புக் கேட்டாள். பழி நீங்கிவிட்டது, இனி எல்லாரும் கிளம்பிவிடுவார்கள் என்று பாவம் நம்பினாள். மேற்கே மழை கட்டியிருந்தது.

“இந்தத் தடவை நிச்சயமாச் சரியுமுங்களா?” என்று கேட்டார் ஆறுமுகம்.

ஜாபெஸ் கீர்த்திகாவின் பக்கம் குனிந்து, “சரியும்னே சொல்லிருங்கம்மா,” என்றார். ஒருவரைப் பொய் சொல்லச் சொல்லி அவர் கேட்டது அதுவே முதல் தடவை. சொல்லும்போதே அவருக்கு வெட்கமாக இருந்தது.

“நிச்சயமாத் தெரியாதுங்க,” என்றாள் கீர்த்திகா. “பத்துக்கு மூணு வாய்ப்பு இருக்கு. அதுவே நொம்ப அதிகம். தயவு பண்ணிக் கிளம்பிருங்க.”

“அப்ப ஏழு நம்ம பக்கமுங்க,” என்றார் ஆறுமுகம்.

பதினோரு வீட்டுக்காரர்களும் நிம்மதியாகச் சோறாக்கப் போனார்கள்.