மூலைக் கடைக்குப் போட்டி

"மூணு மணிக்குள்ள இது பொய்னு நிரூபிக்கணும். இல்லைன்னா அந்தத் தெருவுல எங்க கடைக்கு இடமே இல்ல" என்று ஜெனி ஒரு புகைப்படத்தின் நகலை மேசைமேல் வைத்தாள்.

துப்பறியும் சுகிர்தம் அசையவில்லை. ராயபுரத்தில் அவளைத் தேடி வருகிற எல்லோருக்குமே தலைபோகிற அவசரம்தான். அவளுடைய வலது கையான ஷேர் ஆட்டோ மதிதான் பரபரத்தான்.

விஷயம் இதுதான். திருவொற்றியூரின் பழைய கடைவீதி ஒன்றை இடித்து, மரமும் நீரூற்றும் வைத்து, பணக்காரர்கள் காலாற நடந்து வாங்கும் வீதியாக்கிவிட்டார்கள். பழைய கடைகளில் ஒன்றுக்கு மட்டும் மூலையில் இடம். உப்பு முதல் பட்டு வரை ஒரே கூரையின்கீழ் அங்கே முதன்முதலில் விற்ற டிபார்ட்மென்ட் ஸ்டோர் எதுவோ, அதற்கு. ஜெனியின் அப்பா கடை திறந்தது 1974-ல். உரிமச் சீட்டு இருக்கிறது. எதிர்க்கடை எபினேசரோ, 1971 என்று எழுதிய இந்தப் படத்தை இடம் ஒதுக்கும் குழுவிடம் நீட்டிவிட்டார். மூன்று மணிக்குக் குழு முடிவு சொல்லிவிடும்.

படத்தில் பழைய பாணிச் சேலைகள், ஜாடிகளில் மிட்டாய், ஒவ்வொரு கவுன்டருக்குப் பின்னும் ஒரு ஸ்டூல், பக்கத்தில் சிரித்தபடி நிற்கும் பெண்கள்.

"பக்காவா கீதேக்கா! ஒரு கம்ப்யூட்டர் இல்ல, ஏசி இல்ல. இன்னா பண்றது?" என்றான் மதி.

"வண்டிய எடு நைனா."

குழுவின் முன்னால் சுகிர்தம் படத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. "உங்க அப்பா காலத்துல கடை எப்படி நடந்துச்சு சார்?" என்றாள்.

எபினேசருக்கு வாயெல்லாம் பல். "கட்டுப்பாடும்மா! காலையில நின்னா ராத்திரி வரைக்கும் ஒரு பொண்ணு உட்கார முடியாது. கடைக்குள்ள ஸ்டூலே கிடையாது. 2021-ல, வேலை செய்றவங்களுக்கு உட்கார இடம் தரணும்னு அரசாங்கம் சட்டம் போட்டப்புறம்தானே வாங்கிப் போட்டோம்!"

"அப்போ 1971 படத்துல ஆறு ஸ்டூல் கீதே சார்?"

சுகிர்தம் குழுவின் மேசையிலிருந்த படத்தை அவர் பக்கம் தள்ளினாள்.

"இது இப்ப எடுத்த படம். பழைய சேலைய தேடிப் புடிச்சீங்க. கம்ப்யூட்டர மறைச்சீங்க. ஸ்டூல் மட்டும் கண்ணுல படல. மொதலாளி கண்ணு சரக்கத்தான் பாக்கும். நின்னவளுக்குத்தான் ஸ்டூல் தெரியும்."

எபினேசர் படத்தைச் சத்தமில்லாமல் பைக்குள் போட்டுக்கொண்டார். மூலைக் கடை ஜெனிக்கு என்று ஆனது. மதிக்கு விசிலடிக்கக் கை துறுதுறுத்தது.

வாசலில் ஜெனி சுகிர்தத்தின் கைகளைப் பிடித்துக்கொண்டாள். "எப்படிக்கா பார்த்ததும் பிடிச்சீங்க?"

"பத்தொன்பது வருஷம் கவுன்டர்ல நின்னவம்மா நான்."

"எபினேசர் கடையிலயா?"

"உங்க அப்பா கடையில."

ஜெனியின் முகம் சுருங்கியது. "எங்க கடையிலயும் உட்கார விட்டதில்லையே. அப்புறமும் எனக்காக வந்தீங்களே?"

"மொதல்ல தொறந்தது உங்க கடைதான். அது நெசம்" என்று சொல்லிவிட்டு சுகிர்தம் ஆட்டோவை நோக்கி நடந்தாள். ஜெனி அவள் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றதை மதி கவனித்தான்.