ஊசிக்கட்டில் ஒரு முடிச்சு

“ஐயோ... என் கை...”

விருதுநகர் மிஷன் முதியோர் இல்லத்தின் மத்தியானத் தூக்கம் அந்த அலறலில் கலைந்தது.

கட்டிலில் சங்கையா. சிவகாசி வெடி கம்பெனி முதலாளி. குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்த இடது கை பூசணிக்காயாக வீங்கியிருந்தது. உடம்பு அனலாய்க் கொதித்தது. கண் செருகியது...

நர்ஸ் ஞானபூரணி ஓடி வந்து ஊசிமேல் சுற்றியிருந்த துணிக்கட்டை அவிழ்த்து, ஊசியை உருவினாள்.

குத்திய இடத்தில் சீழ்!

சங்கையாவின் அக்கா மகன் தனுஷ்கோடி போலீஸோடுதான் வந்தான்.

“இந்தம்மாதான் சார். அழுக்கு ஊசியைப் போட்டு எங்க மாமாவைக் கொல்லப் பாக்குறாக.”

இன்ஸ்பெக்டர் ஊர்க்காவலன் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“என்ன சிஸ்டர்... ஜெயிலுக்குப் போக ஆசையா?”

“ஊசி, ரப்பர் குழாய் எல்லாம் கொதிக்க வச்சுத்தான் சார் எடுத்தேன். கையைக் கழுவிட்டுத்தான் தொட்டேன்.”

“அப்ப சீழ் எங்கிட்டிருந்து வந்துச்சு?”



அவள் பார்வை அவிழ்த்துப் போட்ட துணியில் நின்றது.

“சார்... இது நான் போட்ட கட்டு இல்ல. குறுக்கும் நெடுக்குமா இண்டு இடுக்கு இல்லாம... அணுகுண்டு வெடிக்குச் சணல் சுத்துன மாதிரி இருக்கு. யாரோ அவுத்துத் திரும்பக் கட்டியிருக்காக.”

இன்ஸ்பெக்டர் மெல்லத் திரும்பினார்.

“ஏலே, நீயும் வெடி கம்பெனிக்காரன்தானே? நேத்து இங்கன வந்தியாமே?”

தனுஷ்கோடி பதறி முன்னால் வந்தான். துணியை வாங்கிப் புரட்டினான்.

“வந்தேன் சார். ஆனா இது என் கட்டு இல்ல. நுனியில பாருங்க, வெத்தலைச் சிவப்பு. ஒத்தக் கையால சுத்தி, பல்லால இழுத்து முடிஞ்சிருக்கு. நான் வெத்தலையே போடுறதில்ல.”

மூவரும் கட்டிலைப் பார்த்தார்கள்.

சங்கையாவின் ஒரு கண் திறந்தது. கடைவாயில் வெற்றிலைச் சாறு.

“நான்தாம்லே... நர்ஸம்மா அங்கிட்டுப் போனதும் அவுத்து, ஊசி குத்துன ஓட்டையில இருக்கன்குடி ஆத்தா கோயில் திருநீறைத் திணிச்சேன். வெறும் குளுக்கோஸ் மட்டும் உள்ள போயி என்ன செய்யும்? ஆத்தாளும் கூடப் போகட்டும்னுதான்...”

ஊர்க்காவலன் தொப்பியைக் கழற்றினார்.

“கொல்லப் பாத்ததும் இவரு... சாகப் பாத்ததும் இவரு. இப்ப நான் யாரைப் பிடிச்சுட்டுப் போக?”

ஞானபூரணி பென்சிலின் போடுவதற்கான ஊசியைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டாள்.

“அந்த வலது கையையும் வாயையும் மட்டும் பிடிச்சுட்டுப் போங்க சார். மிச்சத்தை நான் பொழைக்க வச்சுக்கிடுதேன்.”