ரெண்டும் ஓடட்டும்

கணவனோடு பேசிக்கொண்டிருக்கும்போதே கணவனிடமிருந்து அழைப்பு வந்தது.

மடிக்கணினித் திரையில் அவன் மருத்துவமனை வராந்தாவில், காய்ச்சலில் துவண்ட மகளைத் தோளில் சாய்த்தபடி உட்கார்ந்திருந்தான். பாலத்துக்கு மேலே வெள்ளம் போகிறதாம், விடிந்தால்தான் வர முடியுமாம். அதை அவன் சொல்லி முடிப்பதற்குள் மேசையில் கிடந்த போன் அதிர்ந்தது. அதிலும் அவன் படம்தான்.

எல்லாம் அந்தப் புது இணையப் பெட்டியின் கோளாறு என்று நினைத்தாள். வயல்களுக்கு நடுவே ஒற்றையாக நிற்கும் வீடு. காற்றடித்தால் கம்பி இணைப்பு படுத்துவிடும், மேகம் கூடினால் கூரையில் மாட்டிய சிம் இணைப்பு மூச்சை விட்டுவிடும். வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள் மேலதிகாரியிடம் எத்தனை நாள்தான் சாக்கு சொல்வாள்? நேற்றுத்தான் நெட்டுக்காரரை வரவழைத்து இரண்டையும் ஒரே பெட்டியில் சேர்த்தாள். ஒன்று ஓடட்டும், அது விழுந்தால் மற்றது எழுந்துகொள்ளும் என்றார் அவர்.

"அதுவரைக்கும் இன்னொண்ணு குறட்டை விடவா? ரெண்டும் ஓடட்டுங்க."

"அப்புறம் எது எந்த வழியா வருதுன்னு உங்களுக்கே தெரியாதும்மா."

"வந்தா சரி," என்று இவள் சிரித்திருந்தாள்.

போனை எடுத்தாள். படம் இருட்டாக இருந்தது. குரல் மட்டும் வந்தது.

"வந்துட்டோம். கதவைத் திற. பாப்பாவுக்கு உடம்பு அனலா கொதிக்குது."

மடிக்கணினியில் இருந்தவன் நிமிர்ந்தான். "யாரு பேசுறது?"

"நீங்கதான்."

"விளையாடாதே. யாரா இருந்தாலும் திறக்காதே!"

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மழை தொடங்கியதுமே மின்சாரம் போய்விட்டது; பெட்டி மட்டும் பேட்டரியில் உயிரோடிருந்தது. ஜன்னல்களுக்கெல்லாம் கம்பி, வெளியே போக ஒரே கதவு, அதையும் மழைக்குப் பயந்து அவளே தாழ் போட்டிருந்தாள். ஓட்டின் மேல் மழை இரைகிற இரைச்சலில் வாசலில் ஆள் கூப்பிட்டாலும் காதில் விழாது. ஈரத் துணியின் வாடை மட்டும் கூடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே வந்தது.

"ஏங்க, வாசல்ல நிக்கிறீங்கன்னா கதவைத் தட்டுங்க," என்றாள் போனில்.

"ரெண்டு கையிலயும் பாப்பா இருக்கா. எப்படித் தட்டுறது?"

அப்படியானால் போனைப் பிடித்திருப்பது யார்?

அந்த நேரம் பார்த்துப் போனில் ஒரு இருமல் கேட்டது. மகளின் இருமல்தான், எத்தனை ராத்திரி அதைக் கேட்டு எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். நிஜமாகவே குழந்தை மழையில் நனைகிறதென்றால்? பெற்றவள் உள்ளே குத்துக்கல்லாக நிற்கிறாளே!

மடிக்கணினிப் பக்கம் திரும்பினாள். "பாப்பா முகத்தைக் காட்டுங்க."

அவன் குழந்தையைத் திருப்பப் போனான். படம் அப்படியே உறைந்தது.

மடிக்கணினியையும் போனையும் அள்ளிக்கொண்டு, பெட்டி இருந்த உள்ளறைக்கு ஓடினாள். அதற்குக் கதவு கிடையாது, திரைச்சீலைதான். பெட்டியில் இரண்டு பச்சை விளக்குகள். ஒன்றில் தன் கணவன். இன்னொன்றில் வேறு ஏதோ. எது எதில்? நெட்டுக்காரர் சொன்னதுபோலவே அவளுக்குத் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு வயரைப் பிடுங்கினாள்.

மடிக்கணினி ஒரு நொடி உயிர் பெற்றது. மகளின் முகம் தெரிந்தது. தூங்கி வழிந்த, சிவந்த, அவளுடைய மகளின் முகமேதான்.

"திறக்கா..."

அணைந்தது.

வயரைத் திரும்பச் செருகினாள். விளக்கு எரியவில்லை. மறுபடி செருகினாள். எரியவில்லை.

போனில் வெளிச்சம் வந்தது.

அவன் முகம். சிரித்த முகம். முடியில் சொட்டு ஈரமில்லை. தோளில் குழந்தை, முதுகு மட்டும் தெரிந்தது. அவனுக்குப் பின்னால் கதவு. கதவில் தாழ்ப்பாள்.

தாழ்ப்பாள் உள்பக்கம்தான் இருக்கிறது. அவள் போட்டது. போட்டபடியே இருந்தது.

படம் நகர்ந்தது. கூடத்து நாற்காலி. மேசை. அவள் பாதி குடித்து வைத்த தண்ணீர். மெதுவாக. பிறகு இந்த அறையின் திரைச்சீலை.

அங்கேயே நின்றது.

"அம்மா."

முதலில் திரைச்சீலைக்கு அந்தப் பக்கமிருந்து. ஒரு நொடி தாமதமாக, போனிலிருந்து.