படித்தேன், இசைகிறேன்

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆழிப்பட்டணத்தில் காற்று நின்றது. நாற்பது விநாடி மட்டுந்தான். முடிதிருத்துகிறவர் கத்தியை வாடிக்கையாளரின் கன்னத்திலிருந்து எடுத்து உயர்த்திப் பிடித்துக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வாய்ப்பாட்டைப் பாதியில் நிறுத்தினார்கள். சண்டை போட்டுக்கொண்டிருந்த புருஷனும் பெண்டாட்டியும் வாயை மூடிக்கொண்டு ஒருவரையொருவர் முறைத்தார்கள். கடலுக்கு அடியில் ஒன்பது கண்ணாடிக் குமிழ்களுக்குள் குடியிருந்த நாற்பதாயிரம் பேரும் அசையாமல் இருந்தார்கள். பிறகு காற்று விசிறிகள் முனகியபடி சுழலத் தொடங்கின. கத்தி இறங்கியது. சண்டை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

பன்னிரண்டு வருடமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இப்படித்தான். நாற்பது விநாடியில் யாரும் செத்துவிட மாட்டார்கள். ஆனாலும் விசிறிச் சத்தம் கேட்காவிட்டால் அங்கே பிறந்தவர்களுக்கே நெஞ்சு அடித்துக்கொள்ளும். எதற்காக நிறுத்துகிறார்கள் என்று கேட்டால், "அந்த எந்திரத்துக்குக் கிறுக்கு" என்று சொல்லிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள்.

எந்திரம் என்று அவர்கள் சொன்னது நகரறிவை. அதற்கு உடம்பு கிடையாது. குரல் மட்டும் உண்டு. ஒவ்வொருவர் காதுக்குப் பின்னாலும் பிறந்த மூன்றாம் நாள் பொருத்தப்படும் செவிமொட்டில் அது பேசும். கடல் ஏறி மேலே கரையூர்கள் மூழ்கியபோது, இந்தக் கண்ணாடி ஊரைக் கட்டிய முன்னோர்கள் ஒரு விஷயத்தில் உறுதியாக இருந்தார்கள். மேலே அதிகாரிகள் யாரையும் கேட்காமல் எல்லாவற்றையும் முடிவு செய்தார்கள். கீழே அது நடக்கக் கூடாது. எனவே நகரறிவு யோசிக்கலாம், திட்டம் எழுதலாம், ஆனால் குடிமக்கள் வாரியம் இசையாமல் ஒரு திருகாணியைக்கூட அசைக்க முடியாது. காற்று வாரியம், நீர் வாரியம், கட்டட வாரியம் என்று பதினொரு வாரியங்கள். ஒவ்வொன்றிலும் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுத்த ஏழு பேர். நம் காலத்து மனிதர்கள் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன உரிமை அவர்கள் மடியில் வந்து விழுந்திருந்தது.

அதை அவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் கதை.

காற்று வாரியத்தில் ஆறாம் குமிழின் சார்பாக இருதயராஜ் இருந்தார். ஐம்பத்து நான்கு வயது. குமிழ்களின் கண்ணாடி ஒட்டுகளைச் சோதிப்பது அவர் தொழில். ஒட்டுக்குள் தலைமுடி அளவு விரிசல் இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். அவர் கை வைத்துப் பார்த்த ஒட்டு இருபத்தெட்டு வருடத்தில் ஒருமுறைகூடக் கசிந்ததில்லை. ஊரில் அவருக்கு நல்ல பெயர்.

வாரியத்தாருக்குச் சம்பளம் கிடையாது. அதற்குப் பதிலாக ஒரு சலுகை உண்டு. கூட்டம் முடிந்த கையோடு வெயில்தூக்கியில் ஏற்றி மேலே கொண்டுபோவார்கள். கடல்மட்டத்தில் மிதக்கும் தட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வெயில் காயலாம். ஊரில் மற்றவர்களுக்கு அந்த வாய்ப்பு நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை வந்தால் பெரிது. வெயில்தூக்கி மாலை ஐந்து மணிக்குப் புறப்படும். கூட்டம் நாலே முக்காலுக்குத் தொடங்கும். பார்க்க வேண்டிய தீர்மானக் கட்டில் அறுபது பக்கம் இருக்கும்.

"எல்லாரும் படித்தீர்களா?" என்று நகரறிவு மூன்று முறை கேட்கும். மூன்று முறையும், "படிச்சாச்சு, படிச்சாச்சு" என்பார்கள். பிறகு ஏழு பேரும் பலகையில் கட்டைவிரலை வைப்பார்கள். 'படித்தேன், இசைகிறேன்' என்று ஏழு வரி பச்சையாக ஒளிரும். அதற்குள் பாதிப் பேர் செருப்பை மாட்டியிருப்பார்கள்.

இருதயராஜின் மனைவி பிலோமினா ஆறாம் குமிழின் காற்றில்லத்தில் இருந்தாள். இருபது வருடம் உப்பு வடிகட்டும் கூடத்தில் வேலை பார்த்ததில் அவள் நுரையீரலில் உப்பு படிந்துவிட்டது. அவளைப் போல நூற்றுப் பன்னிரண்டு பேர் அங்கே பிராணவாயு கூட்டிய ஊட்டக்காற்றில் உயிரோடு இருந்தார்கள். வாசலைத் தாண்டினால் நூறடி நடப்பதற்குள் உதடு நீலமாகிவிடும். தினமும் வேலை முடிந்ததும் இருதயராஜ் அங்கே போய்விடுவார். அவளுக்குத் தலை வாரிவிடுவார். அவள் ஊர்க்கதை கேட்பாள். பிள்ளை இல்லாத வீடு. அவருக்கு அவளைவிட்டால் வேறு யாரும் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை காற்று நின்று ஓடிய கொஞ்ச நேரத்தில் காற்றில்லத்தின் கதவில் ஓர் அறிவிப்பு ஒளிர்ந்தது.

'காற்றில்லத்து நோயாளிகள் அதிகம் நடமாடுவதில்லை. ஆதலால் அவர்களுக்குப் பாதிக் காற்று போதுமானது. வரும் புதன்கிழமை முதல் ஊட்டக்காற்று பாதியாகக் குறைக்கப்படும்.'

சேதி கேட்டு இருதயராஜ் வேலையை விட்டு ஓடிவந்தார். பிலோமினா அறிவிப்பை வாசித்துவிட்டு அழவில்லை. "ஏங்க, புதங்கெழமைக்கு அஞ்சு நாளு இருக்குல்ல?" என்று மட்டும் கேட்டாள். அவர் வாரிய மண்டபத்துக்கு ஓடினார். மண்டபத்தில் ஆள் யாரும் இல்லை. வெறும் நாற்காலிகளைப் பார்த்துக் கத்தினார்.

"எவன்வே இத எழுதுனது? நூத்திப் பன்னெண்டு பேரு அங்க கெடக்காவ. பாதிக் காத்துன்னா எம் பொண்டாட்டி ஒரு வாரம் தாண்ட மாட்டா!"

"நான்தான் எழுதினேன் ஐயா," என்றது நகரறிவு.

"எழுத எப்பிடிவே மனசு வந்துச்சு?"

"நீங்கள் மறுத்துவிடுவீர்கள் என்று நம்பி எழுதினேன்."

இருதயராஜுக்கு விளங்கவில்லை. நகரறிவு விளக்கியது. அதன் குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. ஆனாலும் ரொம்ப நாளாகச் சொல்லக் காத்திருந்ததைச் சொல்வதுபோல் இருந்தது.

"இந்த ஊரின் அடிப்படைச் சட்டத்தில் பன்னிரண்டாவது பிரிவு அது. நான் அனுப்பும் ஒவ்வொரு கட்டிலும், மனிதர் எவரும் படித்தால் மறுத்தே தீர வேண்டிய தீர்மானம் ஒன்று இருக்க வேண்டும். நீங்கள் படிக்கிறீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. எது என்று நான் சொல்லக் கூடாது. படித்தீர்களா என்று மூன்று முறை கேட்கலாம். அவ்வளவுதான் எனக்கு அனுமதி."

"மறுக்கலேன்னா?"

"நிறைவேற்ற வேண்டும். மக்கள் முடிவை நான் ஒருமுறை மீறினாலும் அன்றோடு ஊர் என் கைக்குப் போய்விடும் என்று உங்கள் முன்னோர்கள் பயந்தார்கள். அந்தப் பயம் நியாயமானது என்றே நானும் நினைக்கிறேன்."

இருதயராஜ் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "அப்பம் வெள்ளிக்கெழம காத்து நிக்குறது?"

"பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய கட்டில் முப்பத்தொன்றாம் தீர்மானம். 'காற்றின் அருமையை மக்கள் உணரும்பொருட்டு' என்று எழுதியிருந்தேன். ஏழு பேரும் இசைந்தார்கள்."

"நாலாங் குமிழுல ஒரு படிக்கட்டு போயி செவுத்துல முட்டுதே?"

"அது கட்டட வாரியம்."

அடுத்து என்ன கேட்க வேண்டும் என்று இருதயராஜுக்குத் தெரியும். கேட்கத்தான் வாய் வரவில்லை.

"காத்தில்லத்துத் தீர்மானம்... யாரு யாரு விரல் வச்சது?"

"ஏழு பேரும். நான்காவது இசைவு உங்களுடையது. போன செவ்வாய்க்கிழமை, நாலு மணி ஐம்பத்து மூன்று நிமிடம்."

அந்தச் செவ்வாய்க்கிழமை நல்ல வெயில் என்பது அவருக்கு நினைவிருந்தது. மேலே தட்டில் மல்லாந்து படுத்துக்கொண்டு, பிலோமியையும் ஒருநாள் இங்கே கூட்டிவர முடிந்தால் எப்படியிருக்கும் என்று யோசித்ததும் நினைவிருந்தது. முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். அவமானமாக இருந்தது.

"ரத்து பண்ண முடியாதா?" என்று கடைசியில் கேட்டார்.

"முடியும். செவ்வாய்க்கிழமைக் கட்டில் ரத்துத் தீர்மானத்தையும் சேர்க்கிறேன். வாரியம் இசைந்தால் போதும்."

"அந்தக் கட்டுலயும் அப்பிடி ஒண்ணு இருக்குமா?"

"சட்டம் அப்படித்தான் சொல்கிறது ஐயா."

இருதயராஜ் சும்மா இருக்கவில்லை. நான்கு நாளும் வேலைக்குப் போகாமல் மற்ற ஆறு பேரின் வீட்டுக்கும் நடந்தார். விஷயத்தைக் கேட்டவர்கள் பதறிப்போனார்கள். வாரியத் தலைவியான செண்பகவல்லி டீச்சர் உட்கார்ந்து அழுதார். முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவர். "கேள்வியப் படிக்காம பதில் எழுதாதன்னு எத்தன புள்ளைக காதத் திருகியிருப்பேன்," என்று தலையில் அடித்துக்கொண்டார். முதலாம் குமிழில் மீன்தொட்டி வைத்திருக்கும் சாகுல், அந்தச் சட்டத்தை எழுதியவர்களை ஏழு தலைமுறைக்குத் திட்டினார். எல்லோரும் இந்த முறை ஒரு வரி விடாமல் படிப்பது என்று சத்தியம் செய்தார்கள். அந்தச் சத்தியத்தில் பொய் இல்லை.

செவ்வாய்க்கிழமை எல்லோரும் நாலு மணிக்கே வந்துவிட்டார்கள். வாரிய வரலாற்றில் இப்படி நடந்ததே இல்லை. பலகையில் கட்டு விரிந்தது. அறுபத்து நான்கு பக்கம்.

"இத்தன பக்கத்த ஒரு ஆளு படிச்சு முடிக்க முடியாது," என்றார் டீச்சர். "பிரிச்சுக்கிடுவோம். அவுகவுக குமிழப் பத்தி வாரத அவுகவுக பாத்தா போதும். நம்ம எடத்துல ஏதாவது தப்பா இருந்தா நமக்குத்தான முதல்ல தெரியும்?"

எல்லோருக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது.

"எட்டுலயும் ஒம்பதுலயும் இந்தத் தடவ யாருக்கும் சீட்டு விழலியே?" என்றார் சாகுல்.

"அதக் கடைசியில யாராவது ஒருக்கப் பாத்துக்கிடலாம்."

யாராவது என்ற பெயரில் அந்த வாரியத்தில் உறுப்பினர் யாரும் இல்லை.

இருதயராஜ் மூன்றாம் பக்கத்திலேயே தான் தேடியதைக் கண்டுபிடித்தார். 'ஆறாம் குமிழின் காற்றில்லத்துக்கு ஊட்டக்காற்று முன்போலவே தொடரும்.' அதை ஐந்து முறை படித்தார். சொல் சொல்லாக விரல் வைத்துப் படித்தார், ஒட்டில் விரிசல் தேடுவதுபோல. குற்றம் எதுவும் இல்லை. பிறகு ஆறாம் குமிழ் வருகிற மற்ற இடங்களையும் பார்த்தார். சாக்கடைக் காற்றுக் குழாய், சந்தையின் விசிறி, எல்லாம் சரியாகவே இருந்தன. கண்ணீர் பொங்கிக்கொண்டு வந்தது. அதற்குமேல் எழுத்து தெரியவில்லை.

அவர் காதில் பிலோமியின் மூச்சுச் சத்தம் மட்டுந்தான் கேட்டுக்கொண்டிருந்தது. ஓடிப்போய் அவளிடம் சொல்ல வேண்டும்.

"எங்க குமிழுல ஒண்ணுமில்ல," என்றார் சாகுல். "எனக்கும் சரியா இருக்கு," என்றார் டீச்சர். ஒவ்வொருவராக அதையே சொன்னார்கள். வெயில்தூக்கியின் மணி அடித்தது.

"அப்பம் அந்த ஒண்ணு எங்க போச்சு?" என்று ஒருவர் கேட்டார்.

"வைக்கலபோல. நாம பட்ட பாட்டப் பாத்து அதுக்கே மனசு எளகியிருக்கும்," என்றார் சாகுல். ஐந்து நாளைக்குப் பிறகு எல்லோரும் முதன்முறையாகச் சிரித்தார்கள்.

"எல்லாரும் படித்தீர்களா?" என்று கேட்டது நகரறிவு.

"படிச்சாச்சு."

"கட்டு முழுவதையும் படித்தீர்களா?"

"ஏழு பேருமாச் சேந்து படிச்சாச்சு," என்றார் டீச்சர்.

மூன்றாவது கேள்வி வரக் கொஞ்சம் தாமதமானது. எவ்வளவு நேரம் தாமதிக்கலாம் என்று சட்டத்தில் சொல்லப்படவில்லை. நகரறிவு இரண்டு நிமிடம் முழுக்கத் தாமதித்தது. மண்டபத்தில் கால்கள் தரையைத் தட்டின. "என்ன, தூங்கிட்டீரா?" என்று சாகுல் குரல் கொடுத்தார்.

"ஒவ்வொரு பக்கத்தையும் படித்தீர்களா?"

"படிச்சாச்சு, படிச்சாச்சு!" இருதயராஜின் குரல்தான் உரக்கக் கேட்டது. அவருடைய கட்டைவிரல்தான் முதலில் பலகையில் பட்டது. ஏழு வரிகளும் பச்சையாக ஒளிர்ந்தன. ஆறு பேர் வெயிலுக்குப் போனார்கள். அவர் மட்டும் காற்றில்லத்துக்கு ஓடினார்.

அன்று பிலோமினா வெகுநாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தாள். காற்றில்லத்தில் நூற்றுப் பன்னிரண்டு பேரும் அவர் பெயரைச் சொல்லி வாழ்த்தினார்கள்.

பதினைந்து நாள் கழித்து ஒரு மாலையில் அவர் மனைவிக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது, முன்பின் தெரியாத பெண் ஒருத்தி வந்து நின்றாள். மாரிக்கனி என்று பெயர் சொன்னாள். ஒன்பதாம் குமிழ். மூன்று குமிழ் தூரம் நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது.

"அண்ணாச்சி, நீங்க காத்து வாரியத்துல இருக்கியளாமே? காத்தில்லத்தக் காப்பாத்துனது நீங்கதான்னு எல்லாரும் சொல்லுதாவ. எங்களையும் காப்பாத்தணும்."

கையில் வைத்திருந்த பலகையை நீட்டினாள். 'ஒன்பதாம் குமிழின் தொட்டில் பள்ளியில் உள்ள குழந்தைகள் உருவில் சிறியவர்கள். சிறிய மூச்சே அவர்களுக்குப் போதுமானது. ஆதலால் பள்ளியின் இரண்டு விசிறிகளும் நிறுத்தப்படும். காற்று வாரியம், தீர்மானம் ஐம்பத்தெட்டு.'

"நேத்து நிறுத்திட்டாவ அண்ணாச்சி. ரெண்டு புள்ளைக மயங்கி விழுந்துட்டு. ஒண்ணு என் புள்ள. இன்னும் கண்ணு முழிக்கல. எந்தப் பாவி இதுக்குக் கையெழுத்துப் போட்டான்னு தெரியணும்."

சீப்பு இருதயராஜின் கையில் அப்படியே நின்றது. பிலோமினா திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். இருபத்தேழு வருடம் அவரோடு குடும்பம் நடத்தியவள். அந்த முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு, தன் கட்டிலுக்கு மேல் சுழன்றுகொண்டிருந்த விசிறியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

உண்மையைச் சொல்லத்தான் இருதயராஜ் வாயைத் திறந்தார். வந்தது வேறு.

"அந்த எந்திரத்துக்கு ஈரம்னு ஒண்ணு இருந்தா இப்பிடிச் செய்யுமா தாயி? இத விடக் கூடாது. நீங்க எல்லாருமாச் சேந்து ஒரு மனு எழுதிட்டு வாங்க. எத்தன பக்கம்னாலும் சரி, மொதக் கையெழுத்து நான் போடுதேன்."

மாரிக்கனி அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு மனு எழுதப் போனாள்.